ஜமுக்காளத்துக்கு நாலு மூலை

அன்புள்ள மைனாவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். எங்கள் பால்வாடி ஆயா பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள், அவளும் கேட்டாள். மறைக்க முடியவில்லை, உன் தொண்டை அப்படி. பதிலை போனிலேயே சொல்லலாம் என்றால் நீ எங்கே என்னைப் பேச விடுவாய்? நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உன் சம்பந்தி வீட்டுக் கதை ஆரம்பித்துவிடும். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். இப்போது நீ வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் படித்தே ஆகவேண்டும்.

உன் பேரன் போகிற ப்ளே ஸ்கூலில் ரிப்போர்ட் கார்டு கொடுத்திருக்கிறார்கள். 'மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதில்லை, குழுவாகச் சேர்ந்து விளையாடுவதில்லை' என்று எழுதி, பக்கத்தில் அழுமூஞ்சி ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டியிருக்கிறார்கள். மருமகள் ராத்திரி சாப்பிடவில்லை. மகன் டாக்டரிடம் காட்டலாமா என்கிறான். நீ மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறாய். ஏண்டி, பிள்ளைக்கு மூன்று வயது முடிந்து எத்தனை மாசம் ஆகிறது? அதற்குள் அவன் என்ன கூட்டுறவு சங்கமா நடத்தவேண்டும்?

அதுவும் நீ கவலைப்படுகிறாய் பார், அதுதான் எனக்குச் சிரிப்பு. ஆறாம் வகுப்பில் இலந்தவடையை ஒரு சுற்று நக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் 'யாருக்காச்சும் வேணுமா?' என்று கேட்டவள் நீ. அந்த யோசனை வகுப்பில் வேறு யாருக்கும் வரவில்லை. அப்பேர்ப்பட்ட மகராசி இன்றைக்கு மகளிர் குழுவுக்குத் தலைவி, பைசா பிசகாமல் கடன் கொடுத்து வாங்குகிறாய். பேரனும் தேறிவிடுவான், பயப்படாதே.

சும்மா தைரியத்துக்குச் சொல்லவில்லை. என் மகள் காந்திகிராமத்தில் ஹோம் சயின்ஸ் படித்தாளே, அவள் பாடத்தில் வந்த விஷயம் இது. மில்ட்ரட் பார்ட்டன் என்று ஓர் அமெரிக்க அம்மா, மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1920களில் நர்சரிப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகப் பார்த்து, என்ன செய்கிறது, யாரோடு செய்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தாராம். 1932-ல் அது வெளிவந்தது. எதிலும் ஒட்டாமல் சுற்றுவது, தனியாக ஆடுவது, மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுவது, பொருளைக் கொடுத்து வாங்கிக் கலந்து ஆடுவது, கடைசியாக ஒரே வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டு கூடி ஆடுவது என்று ஆறு வகையாகப் பிரித்தார். கடைசி வகை பெரிய பிள்ளைகளிடம்தான் அதிகம். இரண்டு மூன்று வயதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதுதான் நிறைய. அதாவது உன் பேரன் அவன் வயதுக்குரிய வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

அந்தப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஆட்டம் இருக்கிறதே, அதைப் பார்க்கக் கண் வேண்டும். எங்கள் பால்வாடியில் இரண்டு வாண்டுகள் மண்ணில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒன்று சிரட்டையில் இட்லி ஊற்றும்; இன்னொன்று குச்சியால் குழி தோண்டும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாது. ஆனால் இட்லிக்காரி எழுந்து போய்விட்டால் குழிக்காரன் இரண்டு நிமிடத்தில் குழியை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போய்விடுவான். இதை எந்த ரிப்போர்ட் கார்டில் எழுதுவது? வேடிக்கை பார்க்கிற வகையிலும் எங்களிடம் ஒருத்தி இருக்கிறாள். ஆயா அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நாள் பூராவும் சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் அம்மா வந்து சொல்கிறாள்: 'டீச்சர், வீட்டுக்கு வந்து இங்க நடந்த அத்தனையையும் நடிச்சுக் காட்டுறா. நீங்க மூக்குக் கண்ணாடிய தூக்கி விடுறதுகூட.' எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் மையத்தை நீ பார்த்து ரொம்ப நாளாகிறது. நிலக்கோட்டைப் பக்கம் மாறவில்லை, மல்லிகை அப்படியேதான். தாய்மார்கள் விடியுமுன்னே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போய்விடுகிறார்கள். பாட்டிமார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், தலை சீவாமலே. இரண்டு வயதில் இருந்து ஐந்து வயது தாண்டியது வரை ஒரே ஹாலில். 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஆரம்பித்த அங்கன்வாடித் திட்டம் இது; இப்போது மையம் இல்லாத ஊர் அபூர்வம். ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சோறு போடுகிற இடம்தான். 'புள்ளைய சாப்பாட்டுக்கு விட்டுட்டுப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். பக்கத்துத் தெருவுக்கு மஞ்சள் வேன் வந்ததிலிருந்து எனக்கு வருகிற கேள்வி ஒன்றே ஒன்று: 'எப்ப டீச்சர் ஏபிசிடி எழுத வைப்பீங்க?' நாங்கள் நடத்தும் பாடப் புத்தகத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. பெயரைக் கேட்டாலே பெற்றவர்களுக்கு முகம் சுருங்குகிறது.

விளையாட்டுச் சாமான் எங்களிடம் குறைவு. மரக்கட்டை ஒரு பை, மூன்று சக்கர சைக்கிள் ஒன்று, செப்புச் சாமான் பாதி செட். மீதிப் பாதி எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்; கேட்டால் சண்டை வரும். எல்லாம் ஒன்றே ஒன்று இருப்பதால்தான் அடிதடி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் சொன்னாள், மாண்டிசோரி அம்மையார் தன் வகுப்பில் ஒவ்வொரு பொருளிலும் வேண்டுமென்றே ஒன்றுதான் வைப்பாராம். ஒருத்தர் முடித்து எடுத்த இடத்தில் வைக்கிற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கவேண்டும். காத்திருப்பதையும் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார். வயது வித்தியாசம் பார்க்காமல் மூன்று முதல் ஆறு வரை ஒன்றாக உட்கார வைத்ததும் அவர்தான். 1939-ல் அடையாறுக்கு வந்தவர், யுத்தம் மூண்டதில் இங்கேயே மாட்டிக்கொண்டு, கொஞ்ச காலம் நம்ம கொடைக்கானலில் இருந்திருக்கிறார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நிலக்கோட்டைக்கு இறங்கி வந்து எங்கள் ஹாலைப் பார்க்கவில்லையே! அவரிடம் கொள்கை, எங்களிடம் பற்றாக்குறை. இரண்டு இடத்திலும் சைக்கிள் ஒன்றுதான்.

இப்போது ஜமுக்காளக் கதை. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

பஞ்சாயத்தில் வாங்கிக் கொடுத்த பவானி ஜமுக்காளம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாய், நல்ல கனம். மதியம் பிள்ளைகள் தூங்கி எழுந்ததும் ஆயா இரண்டு உதறு உதறி ஒரே ஆளாக மடித்து மூலையில் வைத்துவிடுவாள். ஆடியில் அவளுக்கு மணிக்கட்டு பிசகியது. எண்ணெய்க் கட்டோடு உட்கார்ந்தவள், 'ஏ பிள்ளைகளா, நீங்களே மடிச்சு வைங்க' என்று சும்மா சொல்லி வைத்தாள்.

அந்த நாலு மூலையையும் யார் யார் பிடித்தது தெரியுமா? ஒரு மூலை கலெக்டர். நாலே முக்கால் வயது, பேச்சு முழுக்க உத்தரவு. இன்னொரு மூலை புல்டோசர். யாராவது கட்டை அடுக்கினால் இடித்துவிட்டுத்தான் மறுவேலை. மற்ற இரண்டு மூலையில் இரட்டைப் பிள்ளைகள். நடுவில் பட்டாணி என்று ஒரு குட்டிப் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறான். நாலு பேரும் நாலு பக்கம் இழுக்கிறார்கள். பட்டாணிக்கு ஒரே குஷி. கலெக்டர் கத்துகிறாள், 'இழுக்காதடா!' அவளும் இழுத்துக்கொண்டுதான் கத்துகிறாள். ஆயா எழுந்துவிட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, புல்டோசருக்குக் கை வலித்திருக்கும், இழுப்பதை விட்டுவிட்டு மூலையைப் பிடித்தபடியே கலெக்டர் பக்கம் நடந்தான். துணி மடங்கியது. அவ்வளவுதான், கலெக்டருக்குப் பிடிபட்டுவிட்டது. 'எல்லாரும் கிட்ட வாங்க, கிட்ட வாங்க!' இரட்டையர் கிட்ட வந்தார்கள். பட்டை மேல் பட்டை வந்து உட்கார்ந்தது. அந்தக் கோடுகள் பெரிய உதவி. ஆனால் அங்கே ஒரு சிக்கல் வந்தது பார், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மடிக்க மடிக்க மூலைகள் குறைகிறதே! புல்டோசர் தன் மூலையைக் கலெக்டர் கையில் கொடுத்ததும் அவன் கை வெறுங்கையாகிவிட்டது. 'என் மூலைய குடு' என்று ஓவென்று அழுகை. கலெக்டர் துணியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: 'நீ மேல படுத்து அமுக்கு. காத்து போகணும்.' அழுகை நின்றது. புல்டோசர் குப்புற விழுந்து உருண்டு உருண்டு காற்றை வெளியேற்றினான். அன்றிலிருந்து அமுக்குவது ஒரு பதவியாகிவிட்டது. அதற்கு வரிசை போட்டு நிற்கிறார்கள். மடிப்பு என்னவோ கோணல்தான். ஆயாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. கை சரியாகியும் நான் தொடவிடவில்லை.

இதில் ஊர்வம்பு என்ன என்றால், கலெக்டரின் தாத்தாவும் புல்டோசரின் தாத்தாவும் பங்காளிகள். பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர் தகராறு. மோட்டார் போடுகிற முறை யாருக்கு என்பதில் ஆரம்பித்து, கல்யாணம் காட்சிக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் பேத்தியையும் பேரனையும் கூட்டிப்போக வருவார்கள். ஒருவர் வேப்பமரத்தடியில், ஒருவர் அடிபம்புப் பக்கம், முகத்தை ஆளுக்கொரு திசையில் வைத்துக்கொண்டு. உள்ளே இந்த இரண்டும் ஜமுக்காளத்தை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும். பிள்ளைகளைப் பார்த்துக் கிழவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று கதை எழுதினால் நன்றாக இருக்கும். ஆகவில்லை. போன வாரம்கூட தாசில்தார் ஆபீசுக்கு மனு போயிருக்கிறது.

ஜமுக்காளத்துக்குப் பிறகு நான் ஒன்று கவனித்தேன். மடித்து முடித்த கையோடு நான் பொட்டுக்கடலை கொடுப்பது வழக்கம். அள்ளிக் கொடுக்கும்போது ஒருத்தருக்குக் கூடவும் ஒருத்தருக்குக் குறையவும் போகும். மற்ற நேரமாக இருந்தால் கூடுதலாகக் கிடைத்தது கையை இறுக மூடிக்கொண்டு ஓடிவிடும். மடித்துவிட்டு வந்தவர்கள் அப்படி ஓடவில்லை. எட்டி அடுத்தவன் கையைப் பார்க்கிறார்கள். 'இவனுக்குக் கொஞ்சமா இருக்கு' என்கிறார்கள். இரண்டை எடுத்து வைக்கிறார்கள். தற்செயல் என்று நினைத்தேன். மகளிடம் சொன்னதும் அவள் துள்ளி எழுந்தாள். 'அம்மா, இதைத்தான் ஜெர்மனியில் செஞ்சு பார்த்திருக்காங்க!'

லைப்சிக் ஊரில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. 2011-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக விட்டிருக்கிறார்கள். பலகையில் பரிசுப் பொருள் நாலு. கயிற்றை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால்தான் பலகை வரும். வந்த பிறகு ஒருத்தர் பக்கம் மூன்றும் ஒருத்தர் பக்கம் ஒன்றுமாகச் சேரும்படி ஏற்பாடு. மூன்று கிடைத்த பிள்ளை பெரும்பாலும் தானாகவே ஒன்றை எடுத்து மற்றதிடம் கொடுத்துவிட்டதாம், யாரும் சொல்லாமலே. அதே மூன்றும் ஒன்றும் இழுக்காமல் சும்மா கிடைத்திருந்தால் அப்படிக் கொடுப்பது ரொம்பக் குறைவு. தனித்தனியாக இழுத்து எடுத்தபோதும் சேர்ந்து இழுத்த அளவுக்குப் பங்கிடவில்லை. சிம்பன்சிகளுக்கும் இதே மாதிரி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அதுகளுக்கு வித்தியாசமே இல்லையாம்.

இதைக் கேட்டதிலிருந்து 'ஷேர் பண்ணு, ஷேர் பண்ணு' என்று பிள்ளை கையில் இருப்பதைப் பிடுங்கி அடுத்ததுக்குக் கொடுக்கிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. பிடுங்குகிறவன் பெரிய ஆளாக இருந்தால் போதும் என்பதைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். தனியாகத் தூக்க முடியாத ஒரு வேலையை முதலில் கொடுக்கவேண்டும். பங்கு அதன் பின்னால் வரும். மையத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சின்னச் சின்ன டப்பாக்கள் வைத்திருந்தோம். அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு வாளி, அதன் பிடியில் நுழைக்க ஒரு குச்சி என்று வைத்துவிட்டேன். முன்னால் போகிறவன் வேகமாகப் போனால் பின்னால் வருகிறவன் கால் நனைகிறது. நான் வாய் திறக்கவேண்டிய அவசியமே இல்லை, வாளியே திட்டிவிடுகிறது.

எங்கள் பிள்ளைகளின் பெரிய ஆட்டம் பூ மார்க்கெட். அது பார்ட்டன் அம்மாவின் ஆறாவது வகை. ஐந்து வயதை நெருங்கியவர்கள் நடத்துவது, சின்னது எல்லாம் எடுபிடி. இரண்டு சிரட்டை, ஒரு குச்சி, நூல் கட்டி தராசு நான் செய்து கொடுத்தேன். பூ வேப்பம்பூதான், சீசன் இல்லாவிட்டால் கிழித்த நோட்டுப் பேப்பர். ஏலம் கூறுவதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். 'இன்னைக்கு முகூர்த்தம், கிலோ மூவாயிரம்! நாளைக்கு ஆடி, நூறு ரூபாய்க்குக்கூட நாய் வாங்காது!' எல்லாம் அப்பன் பேச்சு. புல்டோசர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மூட்டை தூக்குவான். இடிப்பதற்கு நேரமே இல்லை பாவம்.

முதலில் எல்லோருக்கும் கமிஷன் கடை முதலாளியாகத்தான் ஆசை. ஒருநாள் ஐந்து முதலாளிகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பூ இருக்கிறது, தராசு இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. 'வாங்க, வாங்க' என்று ஐந்து பேரும் காற்றைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். யாரும் வரவில்லை. 'டீச்சர், நீங்க வாங்க வாங்களேன்' என்றார்கள். எனக்கு ரெஜிஸ்டர் எழுதுகிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் போனது. அப்புறம் பேரம் ஆரம்பித்தது. 'நீ இன்னைக்கு வாங்குற ஆளு, நாளைக்கு நீ கடை.' 'நாளைக்கு லீவு.' 'அப்போ திங்கக்கிழமை.' இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை மாசம் தொண்டை கட்டிக் கத்தியிருக்கவேண்டும்! இன்னொன்றும் பார். சாதாரண நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பதை வெடுக்கென்று பிடுங்குகிற பையன், வாங்க வந்த ஆளாக இருக்கும்போது காசு எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பூவைத் தொடுகிறான். காசு என்பது புளியங்கொட்டை. விளையாட்டுக்குள் பிள்ளை தன் வயதை மீறிப் பெரியதாக நடந்துகொள்கிறது என்று ரஷ்யாவில் வைகாட்ஸ்கி சொல்லி வைத்திருக்கிறாராம். எங்கள் புளியங்கொட்டையைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் படுகிறது.

சண்டை வராதா என்று கேட்பாய். வராமல் என்ன? காய் விடுவார்கள், பழம் விடுவார்கள், மறுபடி காய். நான் எப்போது உள்ளே போவது என்பதுதான் இந்த உத்தியோகத்திலேயே கஷ்டமான கணக்கு. ஜப்பானில் கியோட்டோ ஊரில் ஒரு மழலையர் பள்ளியைப் படம் பிடித்துக்கொண்டு போய் அமெரிக்க டீச்சர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார் ஜோசப் டோபின் என்பவர். 1989-ல் புத்தகமாகவும் வந்தது. முப்பது பிள்ளைகள் அளவுக்கு ஒரே டீச்சர். ஒரு பையன் அடாவடி பண்ணுகிறான், டீச்சர் அசைந்து கொடுக்கவில்லை. பார்த்த அமெரிக்கர்கள் பதறிவிட்டார்களாம், என்ன பொறுப்பில்லாத டீச்சர் என்று. அந்த டீச்சரோ, மற்ற பிள்ளைகள் அவனை எப்படிச் சமாளிப்பது என்று கற்றுக்கொள்ளட்டும் என்று பொறுமையாக இருந்திருக்கிறார். வகுப்பில் கூட்டம் கம்மியாக இருந்தால் பிள்ளைக்கு நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடும் என்பது ஜப்பான் டீச்சர்களின் எண்ணம். எனக்கு முழுக்கச் சம்மதம் இல்லை. கையில் கல் இருந்தால், பல் பதிந்தால், எப்போதும் ஒரே பிள்ளைதான் தோற்கிறது என்றால் நான் போய்விடுவேன். மற்றபடி ரெஜிஸ்டர் எழுதுகிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். சூப்பர்வைசர் கண்ணுக்கு மட்டும் இது சோம்பேறித்தனமாகத் தெரியும். அவர் வருகிற அன்று எழுந்து நின்று கையை ஆட்டி ரெண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். பிழைக்கவேண்டாமா?

இன்னொரு சமாசாரம். மில் வேலைக்கு ஒடிசாவில் இருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. அதில் ஒரு பையன் இங்கே வருகிறான். தமிழ் ஒரு சொல் தெரியாது. 'நீ வராத, உனக்குப் பேசத் தெரியாது' என்று கலெக்டர் முதல்நாளே கேட்டைச் சாத்திவிட்டாள். சிகாகோவில் விவியன் பேலி என்று ஒரு டீச்சர், யாரையும் ஆட்டத்துக்குச் சேர்க்கமாட்டேன் என்று சொல்லக்கூடாது என வகுப்பில் சட்டமே போட்டுவிட்டாராம். போடுவதற்கு முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க் கேட்டிருக்கிறார். அதுகள் நியாயம்தான், ஆனால் நடக்காது என்றிருக்கின்றன. போட்டுப் பார்த்தார், நடந்தது. 1992-ல் அதைப் புத்தகமாக எழுதினார். நம் தெருவில் சட்டம் போடாமலே ஒரு வழி இருந்ததே, ஒப்புக்குச் சப்பாணி! ஓடத் தெரியாத பொடிசையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவுட் ஆனாலும் அவுட் கிடையாது. உன் தம்பியை எத்தனை வருஷம் அப்படியே வைத்து ஓட்டினோம். கலெக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் யோசித்தாள், ஒப்புக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பையனுக்கு என் சிபாரிசு தேவைப்படவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அவன் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. கொஞ்ச நாள் மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒருநாள் தராசு நூல் சிக்கிக்கொண்டது. போய் உட்கார்ந்து பொறுமையாகச் சிக்கெடுத்துக் கொடுத்தான். எழுந்திருக்கவில்லை, அங்கேயே இருந்துகொண்டான். இப்போது தராசு அவன் கையில்தான். அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை 'கிலோ'.

உன் பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீயே சொன்னதை வைத்துத்தான் கேட்கிறேன். ஆளுக்கொரு நாற்காலி. ஆளுக்கொரு கிரேயான் டப்பா, மேலே பெயர். ஆளுக்கொரு களிமண் உருண்டை. சாப்பாட்டு டப்பாவை மாற்றிச் சாப்பிடக்கூடாது. ஊஞ்சலில் ஏறினால் ஒரு அக்கா எண்ணுவாள், பத்து ஆனதும் இறக்கிவிடுவாள். இத்தனையும் செய்துவிட்டு மாசக் கடைசியில் 'பகிரவில்லை' என்று அழுமூஞ்சி! எதைடி பகிர்வான்? யாரோடு பகிர்வான்? உன் மருமகளைச் சாப்பிடச் சொல். டாக்டரும் வேண்டாம், பள்ளிக்கூடம் மாற்றவும் வேண்டாம். எதிர் ஃபிளாட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றாயே, அதைச் சாயங்காலம் கூப்பிட்டு வை. நீ சப்பாத்தி மாவு பிசையும்போது ஒருத்தரைத் தண்ணீர் ஊற்றச் சொல், ஒருத்தரைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல். காய்ந்த போர்வையை இரண்டு பேரிடமும் கொடு. கொடுத்துவிட்டு உள்ளே போய் சீரியல் பார். உனக்கு அதுதான் கஷ்டம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாய்.

ஊர் விசேஷம் ஒன்றுதான் பாக்கி. ஆயா மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேடசந்தூர் மில்லில் வேலை. பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது, நம்பாதே. நானே கேட்டுவிட்டேன், அவளுக்கு இஷ்டம்தான். அம்மா சொன்ன நகைக் கடைதான் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு நீ கட்டாயம் வரவேண்டும், தை முகூர்த்தத்தில் மல்லிகை விலை கேட்டு மயங்கி விழாமல் இருக்கத் தயாராக வா. பேரனையும் கூட்டி வா. வருகிற வழியில் மரச் செப்புச் சாமான் கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு ஒரு செட் வாங்கி வா. ஒன்று போதும். தாராளம் என்று நினைத்து இரண்டாவது வாங்கினால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் குருவி